ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போட்டோம்

எங்கள் குடியிருப்பு சென்னை ஓஎம்ஆரில், சிறுசேரி பக்கம். மூன்று பிளாக், 168 வீடு. ஒன்றரை வருடம் எல்லாவற்றையும் பில்டரின் ஆட்களே பார்த்துக்கொண்டார்கள், நாங்களும் மாதாமாதம் மெயின்டனன்ஸைக் கட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம். 1975 சங்கப் பதிவுச் சட்டத்தில் அசோசியேஷனைப் பதிவு செய்த மறுவாரமே, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஸ்வீட் பாக்ஸும், பொறுப்பை எங்களிடம் ஒப்படைக்கும் இரண்டு பக்க ஹேண்டோவர் கடிதமுமாக பில்டரின் ஆட்கள் வந்துவிட்டார்கள். "பொது வசதிகள் அனைத்தையும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்" என்று இருந்தது. பேனாவைத் திறந்தவர்களில் நானும் ஒருவன்.

பி பிளாக்கில் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அங்கிள் இருக்கிறார். "தம்பி, மெயினை அணைச்சுட்டு ஜெனரேட்டரை ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, அப்புறம் போடலாம்" என்றார். அணைத்தார்கள். ஜெனரேட்டர் ஓடியது, ஆனால் ஆறு லிஃப்டில் இரண்டுதான் நகர்ந்தன, தண்ணீர் மோட்டார் அசையவே இல்லை, சி பிளாக்குக்கு ஜெனரேட்டரிலிருந்து ஒயரே இழுக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். அதற்குக் காற்று ஊதும் இரண்டு ப்ளோயரில் ஒன்று எப்போதோ செத்துவிட்டது. இரவில் லாரி வைத்துக் கழிவுநீரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள், அந்த லாரி வாடகையும் எங்கள் மெயின்டனன்ஸ் கணக்கில்தான் எழுதியிருந்தது!

காகிதங்களில் கட்டட நிறைவுச் சான்றிதழ், தீயணைப்புத் துறை சான்று, லிஃப்ட் லைசென்ஸ், எஸ்டிபிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி என்று எல்லோரும் கேட்பதை நாங்களும் கேட்டு வாங்கினோம். கேட்க மறந்தது குழாய் எங்கெங்கே போகிறது என்று காட்டும் வரைபடம். ஆறு மாதம் கழித்து பேஸ்மென்டில் கசிவு வந்தபோது மூன்று இடத்தில் உடைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம்.

பெரிய சண்டை பணத்தில். குடியிருப்பின் சேமநிதியான கார்பஸ் சதுர அடிக்கு 50 ரூபாய், மொத்தம் ஏறக்குறைய ஒரு கோடி. "பராமரிப்பில் விழுந்த துண்டு" என்று அதில் ஒரு பகுதியைக் கழித்துக் காட்டினார்கள். துண்டு ஏன் விழுந்தது? விற்காமல் இருந்த 21 வீட்டுக்கு அவர்கள் மெயின்டனன்ஸே கட்டவில்லை. வீட்டுக்கு 4,200 வீதம் 14 மாதம், 12 லட்சத்துக்கு மேல் வருகிறது. விற்காத வீட்டுக்குச் சொந்தக்காரர் யார், நானா? இதை அவர்கள் ஒப்புக்கொள்ள நான்கு மாதம் ஆனது. 9 லட்சம் கைக்கு வந்தது, மீதிக்குப் புது ப்ளோயர் போட்டுக் கொடுத்தார்கள்.

எல்லாவற்றையும்விட அந்தக் கடிதத்தின் கடைசி வரியைச் சொல்ல வேண்டும்: "இனி எங்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை." வீடு வாங்குவோரைக் காக்கும் 2016 ரெரா சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து எழுதிக் கொடுத்தால், 30 நாளில் அவர்கள் தங்கள் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்த வரியில் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒவ்வொரு விரிசலுக்கும் அதையே எடுத்து நீட்டியிருப்பார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, பாக்கி வேலைகளைத் தேதியோடு பின்னிணைப்பாகச் சேர்த்த பிறகுதான் போட்டோம். ஸ்வீட்டை முதல் நாளே சாப்பிட்டுவிட்டோம், அது வேறு கதை.

உங்கள் இடத்தில் எப்படி நடந்தது?

*

மடிப்பாக்கத்திலிருந்து: உங்களுக்காவது கடிதம் கொண்டுவந்தார்கள் சார். எங்களுடையது 24 வீடு. வாட்ச்மேனிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போன பில்டர் அதன்பிறகு போனை எடுக்கவில்லை. மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்குமான இபி இணைப்பு இன்னும் அவர் பெயரில்தான், பில் மட்டும் நாங்கள் கட்டுகிறோம்.

*

கோவையிலிருந்து: எங்கள் ஊர் கதை வேறு மாதிரி. பில்டரின் சொந்தக்காரர்கள் பெயரில் 11 வீடு இருந்தது, முதல் தேர்தலில் மற்றவர்கள் சோம்பலில் வராததால் செயலாளரும் பொருளாளரும் அந்தப் பக்கத்து ஆட்களே. ஹேண்டோவர் ஒரே நாளில் முடிந்தது. இரண்டு பக்கமும் அவர்களேதான் கையெழுத்து. அடுத்த வருடம் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு, 60 பேர் வந்து உட்கார்ந்த பிறகுதான் கணக்கு நோட்டையே கண்ணால் பார்த்தோம்.