பெரியப்பா, இந்தச் சத்தத்தைக் கேளுங்கள்

நான்: பெரியப்பா இருக்கிறீர்களா? லண்டனுக்குத் தெற்கே க்ராலியில் இருக்கிறோம், நாளைக்கு கேட்விக்கில் விமானம் என்பதால் பக்கத்திலேயே அறை எடுத்தோம். காபி குடிக்கலாம் என்று கடைத்தெருவுக்கு வந்தால், குதிரை வண்டியிலிருந்து குதிரையை மட்டும் அவிழ்த்துவிட்ட மாதிரி கார்கள் வரிசையாக வந்து நிற்கின்றன!! படம் போட்டிருக்கிறேன்

அக்கா: அய்யோ எவ்வளவு அழகு! வின்டேஜ் கார் பேரணியாடா?

பெரியப்பா: வின்டேஜுக்கும் முந்தையதம்மா. வின்டேஜ் என்றால் 1919 முதல் 1930 வரை வந்தவை. இரண்டாவது படத்தில் ஸ்டியரிங் சக்கரமே இல்லை, படகைத் திருப்புகிற மாதிரி ஒரு கைப்பிடிதான் இருக்கிறது பார். இவற்றை வெட்டரன் என்பார்கள். தம்பி, இன்று நவம்பர் முதல் ஞாயிறு, அப்படியானால் இது லண்டன் பிரைட்டன் ஓட்டம்! 1905-க்கு முன் செய்த வண்டிகள் மட்டும்தான் வரும்

நான்: அதேதான் பெரியப்பா. விடியும்போது ஹைட் பார்க்கில் கிளம்பினார்களாம், பிரைட்டன் கடற்கரை வரை சுமார் 96 கிலோமீட்டர். பந்தயம் கிடையாதாம், நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தாலே பதக்கமாம்

அம்மா: மழை தூறுகிறதே, பாதி வண்டிகளுக்குக் கூரையே இல்லை. பாப்பாவுக்குத் தொப்பி போட்டாயா?

நான்: போட்டிருக்கிறேன் அம்மா. ஒரு வண்டியில் வயதான அம்மா ஒருவர் மடியில் கம்பளியோடு, முகமெல்லாம் நனைந்து, பாப்பாவைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே போனார்

பெரியப்பா: முதல் ஓட்டம் 1896 நவம்பர் 14. அதற்கு முன் அந்த நாட்டில் ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது, வண்டிக்கு முன்னால் ஒரு ஆள் நடக்கவேண்டும், ஆரம்பத்தில் அவர் கையில் சிவப்புக் கொடி வேறு. அந்தக் கட்டுப்பாடு நீங்கிய நாளைக் கொண்டாடித்தான் ஓட்டினார்கள். இப்போதும் கிளம்பும் முன் ஒரு சிவப்புக் கொடியைக் கிழிப்பார்கள்

நான்: ஒரு வண்டி அணைந்துவிட்டது, இறங்கி, மறுபடி கிளப்ப முன்னால் கம்பியைப் போட்டுச் சுற்றுகிறார். வாய்ஸ் அனுப்புகிறேன், கேளுங்கள்

பெரியப்பா: அவர் கட்டைவிரலைப் பார்த்தாயா?

நான்: மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்திருந்தார்

பெரியப்பா: அதுதான் முறை. இன்ஜின் எதிர்த்து உதைத்தால், சுற்றிப் பிடித்த கட்டைவிரல் முறிந்துவிடும். 1912-ல் காடிலாக் கார் கம்பெனி மின்சாரத்தாலேயே கிளப்புகிற மாதிரி செய்யும் வரை பெரும்பாலும் எல்லோருக்கும் இந்தக் கம்பிதான்

பெரியப்பா: வாய்ஸ் கேட்டேன். டப்… டப்… டப்… ஒவ்வொரு வெடிப்பையும் தனியாக எண்ணலாம், ஒற்றை சிலிண்டர் இன்ஜின். நூற்றிருபது வருடத்து இரும்பு தம்பி. யாரோ ஒவ்வொரு தலைமுறையிலும் அதைத் துடைத்து, தேய்ந்ததை மாற்றி, அடுத்தவர் கையில் கொடுத்திருக்கிறார்கள்

அக்கா: பெரியப்பா, நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும்

நான்: நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு நிற்கிறேன். சரி, அடுத்த ரயிலில் பிரைட்டன் போகிறோம், முடிகிற இடத்தையும் பார்த்துவிடலாம். வேறு என்ன படம் வேண்டும் பெரியப்பா?

பெரியப்பா: ஓட்டுகிறவருக்கு எதிரே எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்குகிற கண்ணாடிக் குழாய்கள் இருக்கும், பித்தளை மூடி போட்டு. கேட்டுவிட்டு, கிட்டப் போய் எடு. அப்புறம் அந்த டப் டப்பை இன்னும் கொஞ்சம் நீளமாகப் பதிவு செய்து அனுப்பு