குளத்துப் பூங்கா குழு: சுவரா, வெட்டிவேரா?

தலைவர் அண்ணன்: வணக்கம். பிரதேச சபையில பேசியாச்சு. ஞாயித்துக்கிழமை சிரமதானம். குளத்தைச் சுத்தி சீமெந்துச் சுவர் கட்டி, பெஞ்சி போடலாம்னு யோசனை. எல்லாரும் சொல்லுங்க.

கடை அக்கா: நல்லது தம்பி. பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் வேணும்.

மேல்லயத்துப் பேரன்: தாத்தா சொல்றாரு, நான் டைப் பண்றேன். "சுவர் இப்ப வேணாம். மழை பெஞ்சா மேட்டுல இருந்து தண்ணி வர்ற கான் வழியா செம்மண் முழுக்க குளத்துக்குத்தான் எறங்குது. பீலிப் பக்கம் போய்ப் பாருங்க, தண்ணி கணுக்காலுக்குக்கூட இல்ல. கான் குளத்துல சேர்றதுக்கு முன்னாலயே பெரிய குழி ஒண்ணு வெட்டுங்க. மண்ணு அதுல தங்கிரும், தெளிஞ்ச தண்ணி மட்டும் உள்ள போகும். குழி ரொம்புறப்பெல்லாம் அள்ளணும். அள்ளுற மண்ணை பூப்பாத்திக்குப் போடலாம்."

டீச்சர்: தாத்தா சொல்றது நூத்துக்கு நூறு சரி. நுவரெலியா கிரகரி வாவி 1873இல அமைச்சது. அவ்வளவு பெரிய வாவிக்கே மேட்டுல இருந்து வர்ற மண்ணு பெரிய தலைவலி. நம்ம குளம் எம்மாத்திரம்?

மேசன் மாமா: சுவர் கட்டுறவன் நானே சொல்றேன், அந்த ஈரக்கரையில சுவர் நிக்காது. பின்னால தண்ணி தேங்கி நெம்பித் தள்ளிரும். வெட்டிவேர் நடுங்க. வேர் பக்கத்துல படராம நேரா 10 அடிக்கும் எறங்கும். ஆறு அங்குலத்துக்கு ஒரு பிடி, கரைச் சரிவுக்குக் குறுக்கா வரிசையா.

கடை அக்கா: குளத்தால டெங்கு வராதா? எனக்கு அதுதான் பயம்.

டீச்சர்: அக்கா, டெங்கு நுளம்பு அதிகமா முட்டை போடுறது டயர், யோகட் கப், சிரட்டையில தேங்குற தண்ணியிலதான். குளத்துல மீன் இருந்தா புழுவைத் தின்னுரும். ஞாயிறு முதல் வேலையா பூங்காவுல கிடக்கிற கப், சிரட்டை எல்லாம் பொறுக்கிருவோம்.

சுதா: மீன் கடையில மிதக்கிற செடி அழகா இருக்கு, வாங்கவா?

டீச்சர்: வேணவே வேணாம்மா! சல்வீனியாங்கிற மிதக்கிற செடி அப்படித்தான் 1939இல படிப்புக்காகக் கொழும்புக்கு வந்துச்சு. அப்புறம் வயல், குளம்னு நாடெல்லாம் மூடிருச்சு. கரையில நம்ம ஊர்ச் சேம்பே போதும்.

தலைவர் அண்ணன்: சரி, சுவர் இல்ல. முதல்ல குழி, பிறகு வெட்டிவேர். வைகாசி மழைக்கு முந்தி நட்டாத்தான் வேர் பிடிக்கும். பெஞ்சி, ஊஞ்சல் அதுக்கப்புறம். மம்பட்டி இருக்கிறவங்க கொண்டு வாங்க.

மேல்லயத்துப் பேரன்: நீளக் கயிறும் வேணுமாம். கான் வாட்டத்தைத் தாத்தாவே வந்து புடிச்சுக் காட்டுறாராம்.

கடை அக்கா: அப்ப காலையில தேத்தண்ணியும் ரொட்டியும் என் பொறுப்பு.