கேரல் நோட்டில் இருந்த வீடு

நீலகிரியின் கேத்தியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

மலையூர்க்காரர்களான நம் குழுவில், துன்ப காலத்தில் கிறிஸ்துமஸ் தங்களை வந்து சேர்ந்த விதத்தை அவரவர் எழுத வேண்டும் என்று முடிவாகிப் பத்து நாளாகியும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆகையால் நானே தொடங்குகிறேன். ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை அவரவர் எழுந்து சொல்லும் சாட்சிக் கூட்டங்களில் நாம் கேட்கும் சாட்சிகளைப் போல இது அழகாக முடியாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

2009 நவம்பர் 8ஆம் தேதி, ஞாயிறு ஆராதனை முடிந்து குடையும் கையுமாக வீடு திரும்பியபோது, அது வழக்கமான ஐப்பசி மழை என்றுதான் எண்ணினோம். 10ஆம் தேதி காலையில் கணக்கெடுத்தபோது கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாகியிருந்தது. நீலகிரியில் அந்த மழையிலும் மண்சரிவிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலைகள் துண்டிக்கப்பட்டன, மலை ரயில் பாதை பல இடங்களில் அடித்துக்கொண்டு போனதால் மாதக்கணக்கில் ரயில் ஓடவில்லை. எங்கள் சரிவில், மேலே இருந்த கேரட் தோட்டத்து மண் நீரைக் குடித்துக் குடித்துக் கனத்து, விடியற்காலையில் கீழிருந்த தேயிலைச் செடிகளையும் சேர்த்துக்கொண்டு இறங்கிற்று. மண்சரிவின் சத்தத்தை இடி முழக்கம் என்று எழுதுவார்கள். எனக்குக் கேட்டது லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம். எங்கள் வீட்டின் பின்பாதி போயிற்று. பக்கத்து வீடு முழுவதுமாகப் போயிற்று. அதில் கணவன், மனைவி, மகள் என்று மூவர் இருந்தார்கள். அந்த மகள் என் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்காருகிறவள்.

மழை ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மேலிருந்து வந்த ஓடையை மறித்து, மண்ணை நிரவி, மனையாக்கிய இடத்தில்தான் நாங்கள் எல்லோரும் குடியிருந்தோம். அங்கே ஓடை ஓடிய காலம் ஊர்ப் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. மனை வாங்கியபோது நாங்கள்தான் அவர்களைக் கேட்கவில்லை.

பக்கத்து ஹட்டியின், அதாவது படகர் ஊரின், சமுதாயக் கூடத்தில் எங்களைத் தங்க வைத்தார்கள். ஹெத்தையம்மனைக் கும்பிடுகிற அந்தப் படகர் வீடுகளின் அடுப்பிலிருந்துதான் எங்களுக்கு முதல் வேளைச் சோறும் அவரைக் குழம்பும் வந்தன. ஆறுதல் சொல்ல வந்தவர்களும் பலர். ‘ஆண்டவருடைய சித்தம்’ என்று சொல்லிவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து போனவர்களை மன்னிக்க எனக்கு நெடுநாள் ஆயிற்று. ஒருவர், என் வீடு பாதியோடு தப்பியதற்கு என் ஜெபமே காரணம் என்றார். அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரர்களின் ஜெபத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் டீ டம்ளரைத் தேடினார்.

எங்கள் வீட்டு முன்னறையில், திருமணத்துக்கு வந்த பரிசாக ஒரு வசனச் சட்டம் மாட்டியிருந்தது. ‘எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்’ என்ற 121ஆம் சங்கீதம். மலையில் பிறந்தவர்களுக்கு அது சொந்த ஊரைப் பற்றிய வசனம் மாதிரி. சிறுவயதில், தொட்டபெட்டாவைப் பார்த்துத்தான் தாவீது அதைப் பாடினார் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். சட்டம் உடையாமல் சுவரில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் அதைக் கழற்றி, ஒரு கோணியில் சுற்றி, எடுத்து வைத்துவிட்டேன். பர்வதமே இறங்கி வந்து வீட்டை எடுத்துக்கொண்ட பிறகு எந்தப் பக்கம் கண்ணை ஏறெடுப்பது?

அந்த டிசம்பரில் எல்லநள்ளியில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. நட்சத்திரம் கட்டவில்லை, பலகாரம் சுடவில்லை. 23ஆம் தேதி இரவு, புல்லெல்லாம் உறைபனியால் வெளுத்துக் கிடந்த வேளையில், ஒரு மணிக்கு மேல் கதவைத் தட்டினார்கள். வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற எங்கள் சபையின் கேரல் குழு. பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஓர் ஆர்மோனியம், பஞ்சுத் தாடி கழுத்துக்கு இறங்கிவிட்ட ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா, மொத்தம் ஒன்பது பேர். ‘ஏன் இவ்வளவு நேரம்?’ என்றுதான் கேட்டேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. குழுத் தலைவர் கொத்து வேலை செய்கிறவர், அதிகம் பேசாதவர். ‘பழைய இடத்துக்குப் போயிட்டு வர்றோம், டீச்சர்’ என்றார்.

காணிக்கை எழுதுவதற்காக அவர் நீட்டிய நோட்டைப் பார்த்த பிறகுதான் அதற்குப் பொருள் விளங்கிற்று. கேரல் நோட்டில், வீடுகள் குழு நடக்கும் வரிசையில் இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே ஆண்டு வாரியாகக் காணிக்கைத் தொகை இருக்கும். எங்கள் பெயருக்கு முந்தைய வரியில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் அடிக்கப்படாமல் அப்படியே இருந்தது. 2008க்கு நேராக ஐம்பது ரூபாய். 2009க்கு நேராகத் தொகை இல்லை. பென்சிலால் ‘படினோம்’ என்று எழுதியிருந்தது. வரிசை தவறாமல் அந்த மண்மேட்டுக்குப் போய், விளக்கைக் கீழே வைத்து, அந்த வீட்டுக்கு உரிய பாட்டை முழுவதும் பாடிவிட்டு, பிறகுதான் எங்கள் புது விலாசத்தைத் தேடி நடந்திருக்கிறார்கள். துணைக்கால் விடுபட்ட அந்தச் சொல்லை, அத்தனை ஆண்டுகள் பிள்ளைகளின் எழுத்தைத் திருத்திய என் கை திருத்தவில்லை.

அன்றிரவு என் கேள்விகள் எதற்கும் பதில் கிடைத்துவிடவில்லை. ஆனால் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை, நம்முடைய கிறிஸ்துமஸ் நாடகங்கள் வழக்கமாக நிறுத்திவிடுகிற இடத்துக்கு அப்பாலும் வாசிக்க முடிந்தது. பிள்ளைகளின் நாடகத்தில் ஏரோது என்றால் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு சிரிப்பு மூட்டுகிறவன். சுவிசேஷத்தில் அவன் பெத்லகேமின் குழந்தைகளைக் கொல்கிறான். பழைய ஏற்பாட்டுத் தாயான ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடையாமல் இருக்கிறாள். அவளுக்கு ஆறுதல் சொல்ல அங்கே எவரையும் மத்தேயு அனுப்பவில்லை. அவள் அழுகையைப் பிறப்பின் கதைக்குள் சேர்த்து எழுதிவிட்டு மேலே போகிறார். பெயரை அடிக்காமல் விட்ட அந்த நோட்டும் ஏறக்குறைய அதைத்தான் செய்தது என்று எனக்குத் தோன்றிற்று. மறுநாள் மாலை ஆராதனைக்குப் போனேன்.

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து, சிறு தேயிலை விவசாயி:

டீச்சர் எழுதியதற்குப் பிறகு என்னுடையது சின்ன விஷயம். 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது, பறிகூலிக்கே கட்டுப்படியாகாமல் கொழுந்தைச் செடியிலேயே முற்ற விட்டோம். அந்த ஆண்டு என் தந்தை, புதுத்துணி இல்லாமல் எங்களை ஆராதனைக்கு அழைத்துப் போகக் கூச்சப்பட்டு, காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். ஆயர் ஐயா வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் அணிந்திருந்த ஸ்வெட்டரின் முழங்கையில் வேறு நிற நூலால் ஒட்டுப் போட்டிருந்தது. அவர் எதுவும் உபதேசிக்கவில்லை. வர்க்கியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுவிட்டு, ‘அப்போ நாளைக்குப் பாக்கலாம்’ என்று கிளம்பினார். மறுநாள் நாங்கள் ஐந்து பேரும் பழைய துணியோடு போனோம்.

சேரம்பாடியிலிருந்து:

அக்கா, உங்கள் பதிவை என் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். பாட்டி இலங்கையிலிருந்து வந்தவர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டிய 5,25,000 பேர் கணக்கில் எங்கள் குடும்பமும் அடங்கியது. மலையகத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, அதே தோட்டத்தில் கொழுந்து பறித்த பாட்டிக்கு, தாம் ‘திரும்ப’ வேண்டிய தாயகம் எது என்று விளங்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, பிறகு தாயகம் திரும்பியோருக்காக அரசு உருவாக்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்து இந்த மலைக்கு வந்தார்கள். கைக்குழந்தையாக இருந்தவர் என் அப்பா.

இங்கே வந்த முதல் கிறிஸ்துமஸில், குடில் வைக்கச் சொரூபங்கள் எதுவும் கையில் இல்லை. கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலை வாதுகளைக் கட்டி ஒரு கொட்டகை செய்து, உள்ளே வைக்கோலை மட்டும் பரப்பி வைத்தார்களாம். ஆனால் பாட்டி அடிக்கடி சொல்வது குடிலைப் பற்றியல்ல. நள்ளிரவுத் திருப்பலியில் லூக்கா நற்செய்தி வாசிக்கப்பட்டபோது, அகுஸ்து மன்னன் குடிக்கணக்கு எடுக்கச் சொன்னதும், அதற்காக ஒரு கர்ப்பிணிப் பெண் புருஷனோடு ஊர் விட்டு ஊர் போனதும், தங்க இடமில்லாமல் போனதும் காதில் விழுந்திருக்கின்றன. அதுவரை எத்தனையோ முறை கேட்டதுதான். அன்றைக்கு, ‘இது நம்ம பாஸ்போர்ட் கதையாச்சே’ என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சத்தமாகவே சொல்லிவிட்டார்களாம். எங்கோ இரண்டு பெரியவர்கள் கையெழுத்துப் போட, தாள்களோடு நடக்கிறவர்கள் ஏழைகள். அப்படி நடந்த ஒரு குடும்பத்தில்தான் ஆண்டவர் பிறந்தார் என்று பாட்டிக்கு அன்றுதான் உறைத்தது. எந்தப் பிரசங்கத்தையும்விட எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் சட்டத்தில் இருந்த அந்தச் சங்கீதம், நாங்கள் வாசிக்கும் 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தில் வேறு மாதிரி இருக்கிறது: ‘மலைகளை நோக்கி என் கண்களை உயர்த்துகின்றேன்! எங்கிருந்து எனக்கு உதவி வரும்?’ முதல் வரி எங்களுக்குக் கேள்வியாகத்தான் முடிகிறது. ஆண்டவரிடமிருந்து உதவி வரும் என்ற பதில் அடுத்த வரியில்தான். எபிரேய மூலத்திலும் அது ‘எங்கிருந்து’ என்ற கேள்விச் சொல்தான் என்று எங்கள் பங்குக் குரு சொன்னார்.

கேத்தியிலிருந்து, மீண்டும்:

தம்பி, இத்தனை வயதுக்கு இது எனக்குத் தெரியாது. இரண்டு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்று மாலை முழுவதும் வாசித்தேன். கோணியில் சுற்றிய சட்டம் இன்னும் பரணில்தான் இருக்கிறது. பாட்டிக்கு என் ஸ்தோத்திரத்தைச் சொல்லவும்.

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து, பூண்டு விவசாயி:

எழுதலாமா கூடாதா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் மனைவி 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், சமவெளியில் ஒரு மருத்துவமனையில் இறந்தாள். எங்கள் ஊருக்குக் கொண்டுவர முடியவில்லை. கோயில் மணி அடிக்கவில்லை, கையைப் பிடித்து ஜெபிக்க ஆள் இல்லை. நெகிழிப் பையில் சுற்றி, கவச உடை அணிந்த நான்கு பேர் கயிற்றில் இறக்கினார்கள். அவர்களில் இருவர் இஸ்லாமிய இளைஞர்கள். இறக்கி முடித்ததும், ‘உங்க முறைப்படி ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்கய்யா, நாங்க நிக்கிறோம்’ என்றார்கள். பரமண்டல ஜெபத்தில் பாதி வரைக்கும் சொன்னேன். மீதி நினைவுக்கு வரவில்லை.

அந்த ஆண்டு கேரல் குழு வந்தபோது விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். எனக்கு விசுவாசம் திரும்பி வந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். நட்சத்திரம் மட்டும் கட்டுகிறேன், அவள் வாங்கியது என்பதற்காக. ஒரு முனை கிழிந்துவிட்டதால், அங்கே மாட்டுச் சந்தை விளம்பரத் தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனால் சேரம்பாடித் தம்பி எழுதியதைப் படித்த பிறகு, அந்தச் சங்கீதத்தின் முதல் வரி மட்டும் என்னால் சொல்ல முடிகிற வரி என்று பட்டது. இரண்டாம் வரிக்கு நான் இன்னும் வரவில்லை.

கேத்தியிலிருந்து:

ஐயா, முதல் வரியில் நிற்கிறவர்களை அவசரப்படுத்த வேண்டாம் என்று எங்கள் ஊர் மண்மேடு எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. நான் ஒன்றும் விளக்கப் போவதில்லை.

கொத்து வேலை செய்த அந்த அண்ணன் இப்போது உயிரோடு இல்லை. நோட்டு என்னிடம் வந்துவிட்டது. பழைய தாள்கள் உதிர்வதால் பெயர்களைப் புது நோட்டில் எழுதினேன், அந்தப் பெயரையும் அதே வரிசையில். மண்மேடு இருந்த இடத்தில் இன்று கருங்கல் தடுப்புச் சுவர் இருக்கிறது; நீர் வடிவதற்காகக் குழாய்கள் பதித்திருக்கிறார்கள், மழைக்காலத்தில் அவற்றிலிருந்து ஓடை மீண்டும் ஓடுகிறது. ஒவ்வொரு ஆண்டும் 23ஆம் தேதி இரவு அங்கே நின்று ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போகிறோம்.

உங்கள் மனைவிக்குப் பிடித்த கிறிஸ்துமஸ் பாட்டு எது என்று எழுதுங்கள். இந்த முறை அங்கே அதையும் பாடுகிறோம். எங்கள் ஆர்மோனியத்தில் மேல் ஸ்தாயிக் கட்டைகள் இரண்டு அழுத்தினால் சத்தம் வராது. ரொம்ப உயரத்துக்குப் போகிற பாட்டாக இருந்தால் மட்டும் கொஞ்சம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், சுருதியை இறக்கிப் பழகிக்கொள்கிறோம்.