திருச்சி என்ஐடி மெட்டலர்ஜியா, கிண்டி இசிஇயா? தம்பிக்காகக் கேட்கிறேன்

கேள்வி – தஞ்சை அக்கா
தம்பிக்கு ஐஐடி, என்ஐடிகளுக்கான ஜோசா கலந்தாய்வில் திருச்சி என்ஐடியில் மெட்டலர்ஜி (உலோகவியல்) கிடைத்திருக்கிறது. தமிழகப் பொறியியல் கலந்தாய்வான டிஎன்இஏவுக்கு கட்-ஆஃப் 200-க்கு 198, எம்பிசி. போன வருட நிலவரப்படி கிண்டி பொறியியல் கல்லூரியில் (சிஇஜி) இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) கிடைத்துவிடும் போலிருக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லாரும் "என்ஐடியை விட்டுவிடாதே" என்கிறார்கள். ஆனால் அங்கே டியூஷன் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 1.25 லட்சமாமே? அப்பா விவசாயி, வருமானச் சான்றிதழில் 96,000 என்று இருக்கிறது. நான் பி.எஸ்சி. முடித்துவிட்டதால் முதல் பட்டதாரி சலுகையும் அவனுக்கு இல்லை. தம்பிக்கு சர்க்யூட் என்றால் உயிர். பம்ப்செட் ஸ்டார்ட்டர் மக்கர் செய்தால் பக்கத்து வயல்காரர்கள்கூட அவனைத்தான் கூப்பிடுவார்கள். என்ன செய்யலாம்?

பதில் – துவாக்குடி சீனியர்
முதலில் பணக் கவலையை விடுங்கள் அக்கா. குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் கீழே இருந்தால் என்ஐடியில் டியூஷன் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. 1 முதல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. விடுதி, மெஸ் செலவு மட்டும் தனி. ஆகவே கட்டணத்துக்குப் பயந்து திருச்சியை விட வேண்டாம். நான் அங்கே படித்தது மெட்டலர்ஜிதான். இரும்பு-கார்பன் வரைபடத்தை வைத்துக்கொண்டு, ஒரே எஃகு சூடாக்கிக் குளிர்விக்கும் விதத்தால் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதில் அப்படி ஒரு ருசி உண்டு. கேட் தேர்வு எழுதி உருக்காலைக்கும் போகலாம், கல்பாக்கம் போன்ற ஆராய்ச்சி நிலையங்களுக்கும் முயலலாம். ஆனால் இதெல்லாம் பிடித்துப் படிப்பவனுக்குத்தான்.

பதில் – கிண்டி இசிஇ
அவர் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். இரண்டு துறைகளின் மூன்றாம் செமஸ்டர் பாடப்பட்டியலையும் தம்பி கையில் கொடுங்கள். ஒரு பக்கம் வெப்ப இயக்கவியல், உலோக அமைப்பு. இன்னொரு பக்கம் சிக்னல்ஸ், எலக்ட்ரானிக் சர்க்யூட். எதை ஆசையாகப் புரட்டுகிறான் என்று பாருங்கள். சிஇஜி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது; பெயருக்கு அங்கேயும் குறைவில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு கிண்டி என்பேன்.

தஞ்சை அக்கா
ரொம்ப நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: திருச்சியில் சேர்ந்துவிட்டு அப்புறம் இசிஇக்கு மாற முடியாதா?

துவாக்குடி சீனியர்
முதல் வருட மதிப்பெண்ணை வைத்துச் சிலருக்குக் கிடைக்கும். எல்லாரும் கேட்பது சிஎஸ்இ (கம்ப்யூட்டர்), இசிஇதான், இடமோ மிகக் குறைவு. அதை நம்பிச் சேர வேண்டாம்.

பதில் – கவுன்சிலிங் அப்பா
தேதியில் கவனமாக இரும்மா. ஜோசாவில் சீட்டைக் கைவிட ஒரு கடைசி நாள் உண்டு. அது தாண்டினால் கட்டிய ஏற்புக் கட்டணம் திரும்பாது. அந்தத் தேதியையும் டிஎன்இஏ முதல் சுற்று முடிவு வரும் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள். கிண்டி சீட் கைக்கு வரும் முன்னால் ஜோசா தேதி வந்துவிட்டால், கட்டணம் போனாலும் பரவாயில்லை என்று திருச்சியைப் பிடித்து வை. இரண்டும் இல்லாமல் நிற்கக் கூடாது. அசல் டிசியை எங்கே கொடுத்தாலும் அதற்கு முன் நாலைந்து நகல் எடுத்துவிடு.

தஞ்சை அக்கா
சரிங்க ஐயா. பாடப்பட்டியல் இரண்டையும் பிரிண்ட் எடுத்தாயிற்று. அவன் இசிஇ தாளைத்தான் கையிலிருந்து வைக்கவே இல்லை. டிஎன்இஏவில் கிண்டி இசிஇயை முதல் விருப்பமாகப் போடுகிறோம்.