ஆடும் கீழ்ப் பல்செட்டு: யாங்கூனில் யாராவது இம்ப்ளான்ட் வைத்திருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரை உண்டு. மேல் பல்செட்டு அண்ணத்தில் நன்றாகவே ஒட்டி நிற்கிறது. கீழ்ச் செட்டுதான் தொல்லை. தாடை எலும்பு தேய்ந்துவிட்டதாம். மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) எப்படியோ இறங்கிவிடுகிறது. மென்று தின்ன வேண்டிய அத்தோ நூடுல்ஸ் என்றால் இரண்டாவது வாயிலேயே நாக்கு செட்டைத் தூக்கிவிட, வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுகிறார். ஒட்டும் பசையும் எச்சிலில் கரைந்துவிடுகிறது.

கீழ்த்தாடையின் முன்பக்கம் இரண்டு இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் சிறு திருகு) வைத்து, அதன்மேல் செட்டை அழுத்துபொத்தான் மாதிரி மாட்டலாம் என்கிறார் மருத்துவர். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்களும், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதைத்தான் முதல் தேர்வாகச் சொன்னார்கள். ஆறு வைத்தால்தான் ஆச்சு என்று இன்னொருவர் சொன்னது எனக்கு ஒப்பவில்லை.

யாங்கூன் பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இதைச் செய்கிறார்களா, தனியாரிடம்தான் போகணுமா? சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு எலும்போடு பிடிக்க எத்தனை மாதம் ஆனது? பழைய செட்டிலேயே பொருத்தினார்களா? அப்புறம், உள்ளே பிடிப்புக்கு வைக்கும் வளையம் தேய்ந்தால் இங்கே மாற்றக் கிடைக்குமா? (வெற்றிலையை விடச் சொல்லாதீர்கள், அம்மாவிடம் அது நடக்காது.)

செலவு விவரம் தெரிந்தவர்கள் தனிச்செய்தியில் சொன்னாலும் சரி.