தடுப்பு முகாமில் மச்சான்: 2023 தீர்ப்பு உதவுமா?

கேள்வி:
மச்சான் ஆஸ்திரேலியாவில் ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறார். அகதி என்று ஏற்றுக்கொண்டவர்களே விசாவை ரத்து செய்துவிட்டு, ஊருக்கும் அனுப்பாமல் வெளியிலும் விடாமல் வைத்திருக்கிறார்கள். போன கிழமை அக்கா கொண்டுபோன இடியப்பத்தை வாசலிலேயே மறித்துவிட்டார்கள். கடையில் வாங்கிய, பிரிக்காத பிஸ்கட் மட்டும் உள்ளே போனது. நாடுகடத்த வழியில்லாதவரைக் காலவரையின்றி அடைக்கக் கூடாது என்ற 2023 தீர்ப்பு இவருக்குப் பொருந்துமா அண்ணைமார்?

பதில் 1:
வாய்ப்பிருக்கு தம்பி. நாடுகடத்த வழியில்லாதவரையும் காலவரையின்றி அடைக்கலாம் என்று 2004இல் அல்-காதெப் வழக்கில் சொன்ன அதே உயர் நீதிமன்றம், 2023 நவம்பரில் அதை மாற்றிவிட்டது. பத்தொன்பது வருடம்!

பதில் 2:
அவசரப்பட்டுச் சந்தோசப்படாதீங்கோ. அந்தத் தீர்ப்பால் வெளியே விட்டவர்களை நவூரு என்ற பசிபிக் தீவு நாட்டுக்கு அனுப்ப 2025இல் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். விசா ரத்துக் கடிதத்தோடு முதலில் அகதி வழக்குப் பார்க்கும் லோயரைப் பிடியுங்கோ.

கேட்டவர்:
சரி அண்ணை, கடிதம் அக்காவிடம் இருக்கு.