சிங்கப்பூரில் சிறைப்பட்டு மறைந்த பெரிய பாட்டாவின் முடிவை எப்படி அறிவது?

இரணியல் பேத்தி கேட்கிறார்:

எங்கள் பாட்டாவின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்து மலேயாவுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அவரைப் பற்றி எங்கள் வீட்டில் எஞ்சியிருப்பவை மூன்றே பொருள்கள். உடுப்பணிந்த புகைப்படம் ஒன்று. பட்டாளத்துக்குப் போன புதிதில் பூட்டிக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று. அதன் தலைப்பில் கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1116 ஆடி 12 என்று இருக்கிறது, உடல்நலம் விசாரித்த கையோடு மேலண்டைத் தென்னைகளுக்கு இந்த ஆண்டும் உப்பு வைக்க மறக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். மூன்றாவது, போர் முடிந்தபின் 1946-இல் படையிலிருந்து வந்த ஆங்கிலப் படிவம். "போர்க் கைதியாக இருந்தபோது இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது" என்ற பொருளில் ஒரே வரி, அதற்கு மேலே படை எண், அதன் பக்கத்தில் ஐ.எச்.சி. என்ற மூன்று எழுத்துகள். படை எண்ணின் கடைசி இலக்கம் இருந்த மூலையைச் செல் அரித்துவிட்டது.

எங்கே, என்றைக்கு இறந்தார் என்பது அந்தப் படிவத்தில் இல்லை. நாள் தெரியாததால் பூட்டி காலம் முதல் இன்றுவரை நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்றுதான் அவரை நினைத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். அதையும் பூட்டியின் கல்லறை ஓரத்தில்தான் ஏற்றுகிறோம், அவருக்கென்று ஓர் இடம் இல்லாததால்.

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் அவர் பெயரையும் கன்னியாகுமரி என்பதையும் இட்டுத் தேடிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. ஓர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்துக்கு "ஆவணம் இல்லை" என்ற இரண்டு சொல் பதில் வந்தது. அப்பாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. தம் பெரியப்பா எங்கே கிடக்கிறார் என்பதை அவர் இருக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அடுத்து எங்கே தேட வேண்டும்?

ஓய்வுபெற்ற ஹவில்தார், தோவாளை:

அம்மா, நான் படையின் ஆவணப் பிரிவில் எழுத்தராக இருந்தவன். உங்கள் கையில் இருப்பவை மிகுதி. பெரும்பாலான வீடுகளில் படை எண்ணே கிடைப்பதில்லை.

முதலில் ஐ.எச்.சி. அது இந்தியன் ஹாஸ்பிட்டல் கோர், அதாவது மருத்துவமனைப் படைப்பிரிவு. 1943-இல் அது மற்ற மருத்துவப் பிரிவுகளுடன் சேர்ந்து இந்தியன் ஆர்மி மெடிக்கல் கோர் ஆயிற்று. ஆகவே தேடும்போது இரண்டு பெயர்களிலும் தேட வேண்டும். உங்கள் கடிதத்தின் தேதியும் ஒத்துவருகிறது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால் ஆடி அதன் கடைசி மாதம். 1116 ஆடி 12 என்பது 1941 ஜூலை கடைசி. சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15-இல் வீழ்ந்தது. எழுதிய கடிதத்துக்கும் சிறைப்பட்ட நாளுக்கும் இடையே ஏழு மாதங்கள்கூட இல்லை.

கன்னியாகுமரி என்று தேடினால் வராது. நம் ஊர்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி என்றுதான் இருந்தன. ஊர் விவரம் இருக்கும் பதிவுகளில் கல்குளம், திருவிதாங்கூர் என்பது போலத்தான் எழுதியிருப்பார்கள். எதுவுமே எழுதாத பதிவுகளும் ஏராளம்.

பெயரை நம்பித் தேடுவதைக் கைவிடுங்கள். நம் வழக்கில் தந்தை பெயர் தலைப்பெழுத்தாக முன்னே நிற்கும், தம் பெயர் பின்னே வரும். வெள்ளைக்காரர் படிவத்தில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் உண்டு. எடுத்துக்காட்டாக, அருளப்பன் மகன் மிக்கேல் ஒருவர் ஆளெடுப்பு மேசைக்கு வந்தால், குமாஸ்தா அந்தக் கட்டத்தில் அருளப்பனை எழுதி, மிக்கேலை எம். என்ற ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிடுவார். வீட்டார் எண்பது ஆண்டுகளாக மிக்கேலைத் தேடிக்கொண்டிருப்பார்கள். எண் மட்டும் மாறாது. கடைசி இலக்கம்தானே போயிற்று? பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து முறை இட்டுப் பாருங்கள். அந்த இணையதளத்தில் படை எண்ணால் தேட வசதி உண்டு, கட்டணம் எதுவும் இல்லை. தேடித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். என்னிடம் வந்த இரண்டு குடும்பங்கள் அப்படி இழந்திருக்கின்றன.

கிடைக்கும் பதிவில் உள்ள தேதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். சரணடைந்த பிறகு, 1942 பிப்ரவரி 17 அன்று, 40,000-க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரை பிரிட்டிஷாரிடமிருந்தும் ஆஸ்திரேலியரிடமிருந்தும் பிரித்து ஃபாரர் பார்க்கில் கூட்டினார்கள். அவர்களில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராதவர்களில் பல ஆயிரம் பேரை ஜப்பானியர் கப்பலேற்றி நியூகினி, நியூபிரிட்டன் தீவுகளுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். கப்பலிலேயே மாண்டவர்களும் உண்டு: 1943 ஜனவரி 26 அன்று நியூகினிக்கு வடக்கே புயோ மாரு என்ற கப்பல் அமெரிக்க நீர்மூழ்கியின் தாக்குதலில் மூழ்கியபோது அதில் இந்தியக் கைதிகள் நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். எதிரியின் கப்பலில் யார் இருக்கிறார்கள் என்பது நீர்மூழ்கியில் இருந்தவர்களுக்குத் தெரிய வழியில்லை. இப்படிச் சிதறியவர்களில் யார் எங்கே எப்போது இறந்தார் என்று சொல்ல உடனிருந்தவர் ஒருவராவது உயிரோடு திரும்பியிருக்க வேண்டும். திரும்பாவிட்டால் படை அலுவலகம் ஒரு தேதியை முடிவு செய்து கோப்பை மூடியது. "கருதப்படுகிறது" என்று உங்கள் படிவம் சொல்வதன் பொருள் அதுவே.

ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கைதிகள் ஆவணக் காப்பகம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் தொடர்பான விண்ணப்பங்களை அவர்கள் ஆண்டில் சில முறை, குறிப்பிட்ட எண்ணிக்கை வரையே ஏற்கிறார்கள். விண்ணப்பியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். கைதிகள் நடத்தை பற்றிய 1929-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட்டதே ஒழிய அதை ஏற்புறுதி செய்யவில்லை. கிழக்கில் சிறைப்பட்டவர்களின் விவரம் ஐரோப்பாவில் சிறைப்பட்டவர்களின் விவரத்தைப் போல ஒழுங்காகப் போய்ச் சேராததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றைய ராணுவ மருத்துவப் படையின் ஆவண அலுவலகம் லக்னோவில் இருக்கிறது. படிவத்தின் நகலை இணைத்து, நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக எழுதுங்கள். பூட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்திருந்தால் அந்த ஆணையின் எண்ணையும் தேடி எடுங்கள். படை ஓய்வூதியக் கணக்குகள் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகத்தைச் சேர்ந்தவை. ஆளின் பெயரில் கிடைக்காத கோப்பு பணம் வாங்கியவரின் பெயரில் கிடைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

முட்டம், தற்போது சிங்கப்பூர்:

நான் இங்கே கிராஞ்சி போர்க் கல்லறைக்குப் பலமுறை போயிருக்கிறேன். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். வெண்கற்கள் வரிசையாக நிற்கும் புல்மேட்டில் ஏறினால் உச்சியில் சிங்கப்பூர் நினைவுச் சின்னம் இருக்கிறது. கல்லறை எதுவென்று தெரியாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதன் தூண்களில் வெட்டப்பட்டுள்ளன. பெயர்கள் படைப்பிரிவு வாரியாக இருப்பதால், எந்தப் பிரிவு என்று தெரியாமல் போனால் தூண் தூணாக அலைய வேண்டியதுதான். எனக்கு முதல் முறை அதுவே நேர்ந்தது. நினைவுச் சின்னத்துக்குப் பின்னால், எரியூட்டப்பட்ட இந்திய வீரர்கள் ஏறத்தாழ 800 பேருக்கான நினைவிடம் தனியாக இருக்கிறது. உங்கள் பெரிய பாட்டா கிறிஸ்தவர் என்பதால் கல்லறைகளையும் தூண்களையும் முதலில் பார்ப்பதே பொருந்தும்.

மருத்துவமனைப் பிரிவு என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. சரணடைவதற்கு நான்கு நாள் முன்பு, பிப்ரவரி 11 அன்று, இங்கே டயர்சால் பகுதியில் ஓலை வேய்ந்த கொட்டகைகளில் இயங்கிய இந்தியப் படை மருத்துவமனை குண்டுவீச்சில் எரிந்துபோனது. அங்கே இறந்திருந்தால் அவர் கைதியாகவே ஆகியிருக்க மாட்டார். ஆகவே பதிவில் உள்ள தேதி பிப்ரவரி 15-க்கு முன்பா பின்பா என்பதைப் பாருங்கள். தூண் எண் கிடைத்தால் சொல்லுங்கள், நானே போய்ப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இரணியல் பேத்தி:

நேற்றிரவு அப்பாவை அருகில் உட்கார வைத்துக்கொண்டு பத்து எண்களையும் இட்டுப் பார்த்தேன். எட்டுக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டு எண்களுக்குப் பதிவு வந்தது, இரண்டும் மருத்துவப் பிரிவுதான்.

முதல் பதிவில் எங்கள் பெரிய பாட்டாவின் பெயரே இருக்கிறது, எழுத்து மட்டும் சற்று மாறியிருக்கிறது. தந்தை பெயர் இல்லை, ஊர் இல்லை. 1942 பிப்ரவரி, சிங்கப்பூர் நினைவுச் சின்னம், தூண் எண். இரண்டாவது பதிவைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. ஹவில்தார் ஐயா எடுத்துக்காட்டாகச் சொன்னது போலவே பூட்டனின் பெயர் குடும்பப் பெயராகவும், பெரிய பாட்டாவின் முதலெழுத்து மட்டும் பக்கத்திலும் இருக்கின்றன. 1944-இல் இறப்பு, வயது 24, நியூபிரிட்டன் தீவில் ரபௌல் பீட்டா பாக்கா போர்க் கல்லறை, வரிசை எண்ணுடன் ஒரு கல்லறை. அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் இரண்டு வருடம் உயிரோடு இருந்திருக்கிறார்" என்று மட்டும் சொன்னார்.

எது அவர் என்று எப்படி உறுதி செய்வது?

ஓய்வுபெற்ற ஹவில்தார், தோவாளை:

என் மனம் இரண்டாவதையே சொல்கிறது. உங்கள் படிவம் கைதியாக இறந்தார் என்கிறது, ரபௌலில் புதைக்கப்பட்ட இந்தியர்களில் பெரும்பாலோர் அப்படிக் கொண்டுபோகப்பட்ட கைதிகள். ஆயினும் கல்லறைத் திருநாளை மாற்றுமளவுக்கு இது இன்னும் சான்று ஆகவில்லை. ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்கு அடுத்தடுத்த எண்கள் விழும். நம் பக்கத்திலிருந்து கூட்டமாகப் போனவர்களில் அதே பெயர்க்காரர் இன்னொருவர் இருந்திருக்கலாம்.

வயதை வைத்துச் சரிபாருங்கள். பங்கு ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பிறந்த ஆண்டு இருக்கும். பழைய ஏடுகள் லத்தீனில் இருப்பதால் அருளப்பன் அங்கே யோவான்னஸ் ஆகவும், சவேரியார் சவேரியுஸ் ஆகவும் இருப்பார்கள். பெயர் இல்லை என்று ஏட்டை மூடிவிட வேண்டாம். 1919 அல்லது 1920 என்று கிடைத்தால், அந்த நகலையும் இரண்டு எண்களையும் சேர்த்து லக்னோவுக்கு எழுதுங்கள்.

இரணியல் பேத்தி:

பங்குத்தந்தையிடம் கேட்டுவிட்டேன், திங்கட்கிழமை ஏட்டைப் பார்க்கலாம் என்றார். லக்னோவுக்கான கடிதத்தில் இரண்டு எண்களையும் எழுதி வைத்திருக்கிறேன்.

முட்டம், தற்போது சிங்கப்பூர்:

ரபௌலில் இருப்பவர்தான் உங்களவர் என்று ஆனாலும், நான் ஞாயிற்றுக்கிழமை கிராஞ்சிக்குப் போய் அந்தத் தூணைப் படம் எடுக்கிறேன். அந்தப் பெயரும் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளையின் பெயர்தான். படத்தைப் படை எண்ணோடு இந்த இழையிலேயே இடுகிறேன். அவரைத் தேடுபவர்களுக்கு அது கிடைக்கட்டும்.